இரவல் போகாத ஒட்டியாணம்

எங்க தெருவுல அமலின்னு ஒருத்தி இருந்தா, இருந்தான்னா செத்துப்போயிட்டான்னு நெனச்சிராதீய, இப்பவும் இருக்கா, இன்னைக்குக் காலையில கூட குழாயடியில என்னைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிட்டுத்தான் போனா, அவ மாதா கோயில் திருவிழாவுக்குன்னு நூலால ஒரு ஒட்டியாணம் பின்னி இடுப்புல போட்ட கதைதான் இது. போட்டதோட முடிஞ்சிருந்தா இதுல கதை என்ன இருக்கு, அதுக்கப்புறம் அந்த ஒட்டியாணம் என்னென்ன செஞ்சுதுன்னு தெருவே பாத்துது, நம்புறவிய நம்புங்க, நம்பாதவிய உங்க சோலியைப் பாத்துக்கிட்டுப் போங்க.

எங்க மெழுகுவத்திக்காரத் தெருவுல ஒரு வழக்கம் உண்டு. நல்ல சாமான் எந்த வீட்டுல இருந்தாலும் அது தெருவுக்கே பொதுவு. ஞானப்பூவோட அரக்குப் பட்டு அவ உடம்புல இருந்ததை விட அடுத்தவ உடம்புல இருந்ததுதான் அதிகம், தெரசக்காவோட காசுமாலை எத்தனை பேரு கல்யாண ஆல்பத்துல தொங்குதுன்னு தெரசக்காவுக்கே தெரியாது, கேட்டா குடுக்கணும், குடுத்தா பத்திரமாத் திரும்பி வரணும், இல்லேன்னு சொன்னவளுக்கு அடுத்த திருவிழா வரைக்கும் ஒருத்தி முகம் குடுத்துப் பேச மாட்டா. இதுல அமலி எப்பவும் கேட்டு வாங்குற கட்சி. அவ புருசன் சூசை பேக்கரியில ரொட்டி போடுதவன், நல்ல மனுசன், ஆனா அவன் கொண்டுவந்த சம்பளத்துல ஒரு நல்ல சாமானும் அந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல, ரொட்டி வாசம்தான் வந்துது. அதனால ஒவ்வொரு விசேஷத்துக்கும் அமலி ஒவ்வொரு வாசல்லயா நிப்பா, குடுக்கிறவளும் சும்மா குடுக்க மாட்டா, "வேர்வை படாமப் பாத்துக்கோட்டி, மடங்கி உக்காராத, சாம்பார் கிட்டப் போகாத"ன்னு நாலு பேரு கேக்கச் சொல்லித்தான் குடுப்பா. இருவது வருசமா அமலி அதைத் தலையாட்டிக் கேட்டுக்கிட்டா.

எதுத்த வீட்டுல நேசமணி. அமலியும் அவளும் ஒரே வயசு, ஒண்ணா கன்னியாஸ்திரி மடத்துத் தையல் கிளாசுக்குப் போயி குரோஷா படிச்சவளுவ. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் உண்டை, அது ரெண்டையும் குடுத்தா நேசமணி உலகத்தையே பின்னிக் குடுப்பா. கோயில் பீடத்துல விரிச்சிருக்குத துணி அவ பின்னினது, தெருவுல இருக்க டிவிக்கெல்லாம் மேல கிடக்குதது அவ பின்னினது, எந்தப் பச்சப்பிள்ளை பிறந்தாலும் குல்லா அவளோடது. அமலிக்கோ கை தளர்ச்சி, பின்னினா ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஆளு நுழையலாம், சிஸ்டர் அவ பின்னலைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தாவன்னா முழுசும் உருவிக்கிட்டு வந்திரும், கிளாசே சிரிக்கும், அதுல நேசமணி சிரிப்பு தனியாக் கேக்கும். அது ரெண்டு பேருக்கும் நல்லா நெனவுல இருந்துது.

அந்த வருசம் கோடையில அமலிக்கு ஒரு எண்ணம் விழுந்துது. நம்மகிட்டயும் ஒரு சாமான் இருக்கணும், தெருவே வந்து இரவல் கேக்கணும், கேட்டாலும் குடுக்க முடியாததா அது இருக்கணும். அதுக்கு அவ என்ன செஞ்சா தெரியுமா, கெட்டி வெள்ளை நூல் வாங்கி, முதல் சங்கிலிப் பின்னலையே தன் இடுப்பைச் சுத்திப் போட்டு ரெண்டு முனையையும் சேத்துட்டா. அதுக்கு மேல சுத்துச் சுத்தா, வளையலைத் திருப்புற மாதிரி இடுப்புலயே திருப்பித் திருப்பிப் பின்னினா. மேலயும் கீழயும் கொடி, நடுவுல பூ, பூவுக்கு நடுவுல மாங்கா, வயித்துக்கு நேரா ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு ரெண்டு மயிலு. அந்தத் தளர்ந்த கைக்கு அவ்வளவு இறுக்கம் எங்கிருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியல, இருவது வருசமா வாசல் வாசலா நின்னதுல வந்திருக்கும். கடைசிக் கண்ணி போட்டு நூலை அறுத்து, நுனியை எங்க சொருகினான்னு யாருக்கும் தெரியாதபடிக்கு மறச்சா, நுனி தெரியாம மறைக்கிறவதான் கெட்டிக்காரின்னு சிஸ்டர் சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் பழக்கம். அப்புறம் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி ஒட்டியாணத்து மேல பூசி, மொட்டைமாடி வெயில்ல ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னா, காக்கா விரட்டுதான்னு நான் நெனச்சேன். கஞ்சி காஞ்சதும் அது தகடு மாதிரி வெறச்சு நின்னுட்டு. திருவிழா முடிஞ்சா வெந்நியை ஊத்தித் தளத்தி கழட்டிக்கிடலாம்னு அவ கணக்கு.

சப்பரம் வார அன்னைக்குக் கிளிப்பச்சை சேலையில, சொந்தச் சேலைதான், அந்த வெள்ளை ஒட்டியாணத்தோட அமலி தெருவுல இறங்கினா பாருங்க, பேண்டு வாசிக்கிறவன் கூட ஒரு அடி தப்பா அடிச்சிட்டான். "ஏட்டி இது என்னதுட்டி! நூலா? தொட்டுப் பாக்கட்டுமா?"ன்னு ஆளாளுக்குக் கூடிட்டாளுவ. ஞானப்பூ அப்பவே, "எங்க கொழுந்தன் கல்யாணத்துக்கு ஒரு நாளு தாட்டி"ன்னு கேட்டா. அமலி இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தா, "குடுக்கலாம்க்கா, என் இடுப்போட சேத்துல்லா குடுக்கணும்"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அந்த நேரத்துல நேசமணி கையில மெழுகுவத்தியோட வந்தா. வந்தவ நின்னா. மத்தவளுவ எல்லாம் அமலி இடுப்பைப் பாத்தாளுவ, இவ இடுப்பைப் பாக்கல, கண்ணி கண்ணியாப் பின்னலைப் பாத்தா, மெழுகு கையில ஒழுகுறது கூடத் தெரியாமப் பாத்தா. அப்ப கேட்டுது அந்தச் சத்தம். நறுக்.

ஒட்டியாணம் ஒரு கண்ணி இறுகிட்டு.

"அம்மாடி"ன்னு அமலி இடுப்பைப் பிடிச்சா. பிடிச்சவ இடுப்பு ஒரு சுத்து சிறுத்துத் தெரிஞ்சுது, அதைப் பாத்து இன்னும் நாலு பேரு வயிறு எரிஞ்சாளுவ, நறுக், நறுக், நறுக், நறுக். சப்பரம் தெருமுனை திரும்புறதுக்குள்ள எங்களுக்கு விசயம் விளங்கிட்டு, யாரு பொறாமைப்பட்டாலும் இது ஒரு கண்ணி இறுகும், இறுக இறுக இவ அழகாவா, அழகானா அடுத்தவளுக்குப் பொறாமை வரும், வந்தா இது இறுகும். இதுல ஆச்சரியப்பட என்ன இருக்குன்னு தெரசக்கா கேட்டா, சரிதான்னு நாங்களும் கோயிலுக்குப் போனோம்.

மறுநாள்ல இருந்து தெரு அதுக்குத் தக்கன பழகிக்கிட்டு. அமலி வாசலைத் தாண்டிப் போறவ, பொறாமை வராம இருக்க, தனக்குன்னு பெருமையா இருக்க ஒரு சாமானைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போவா. ஞானப்பூ புது மிக்சியைக் குழந்தை மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டுப் போவா, தெரசக்கா மகனோட பட்டமளிப்பு போட்டோவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போவா, பாவம் மரியபாக்கியத்துக்கு ஒண்ணும் இல்ல, அவ தன் முடியை அவுத்து முன்னால போட்டுக்கிட்டுப் போவா, அவ முடி அப்படி. பூசையில சாமியாரு பொறாமையைப் பத்தி முக்காமணி நேரம் பிரசங்கம் வச்சாரு, அது முடியறதுக்குள்ள ஒட்டியாணம் மூணு தடவை இறுகினதால அடுத்த வாரம் மழை வேண்டி ஜெபிச்சிட்டு நிறுத்திக்கிட்டாரு. புருசமாரு பாடு அதுக்கு மேல. நறுக்னு சத்தம் கேட்டா போதும், "நீயாட்டி? நீதானே?"ன்னு அவனவன் வீட்டுக்குள்ள விசாரணை. என் பேரையும் ரெண்டு கண்ணிக்கு இழுத்தாளுவ. ரபேலக்கா எட்டிப் பாத்தா, அப்பத்தான் இறுகுச்சுன்னு. நான் எட்டிப் பாத்தது நெசம், காயப்போட்ட மிளகாயைப் பாத்தேன். எனக்கு எதுக்கு ஒட்டியாணம், எனக்கு இடுப்பே கிடையாது.

அமலி என்ன செஞ்சா? கழட்டுனாளா? வெந்நி ஊத்திப் பாத்தா, கஞ்சி கரையல, அப்படியே விட்டுட்டா. சொல்லப்போனா அவளுக்கு அது பிடிச்சிருந்துது. தண்ணி வராத நேரத்துல குழாயடிக்கு வருவா, உப்பு இருக்கும்போது உப்பு வாங்கப் போவா. ஒவ்வொரு நறுக்குக்கும் வலியில கண்ணை மூடுவா, தெறந்ததும் யாருன்னு பாத்துச் சிரிப்பா. இருவது வருசமா ஒருத்தியும் ஏறெடுத்துப் பாக்காத இடுப்பு, இன்னைக்குத் தெருவே அதைப் பாத்து வேகுது, எவளா இருந்தாலும் ரெண்டு நாளு வச்சுப் பாக்கத்தான் செய்வா.

நேசமணி மட்டும் ஜன்னலைச் சாத்திட்டா. உள்ள உக்காந்து அவளும் ஒண்ணு பின்னினா, மயிலுக்குப் பதிலா அன்னம், மாங்காய்க்குள்ள மாங்கா, கைவேலைன்னு பாத்தா அமலியோடது கிட்ட நிக்க முடியாது. வெறப்பு கூடுதலா இருக்கணும்னு கஞ்சிக்குப் பதிலா சீனிப்பாகுல முக்கி எடுத்தா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு அதைப் போட்டுக்கிட்டு முன்வரிசையில வந்து நின்னா. எல்லாரும் பாத்தோம். நல்லாத்தான் இருந்துது. ஆனா ஒருத்தி மனசுலயும் ஒண்ணும் ஓடல, அமலி போட்டதைப் பாத்துப் போட்டிருக்கான்னுதான் ஓடுச்சு, நேசமணி ஒட்டியாணம் ஒரு கண்ணி கூட இறுகாம தொளதொளன்னு கிடந்துது. நற்கருணைக்கு முன்னால எறும்பு வந்துது. கோயில் சுவத்துல இருந்து கோடு போட்டு வந்து, சேலை வழியா ஏறி, அன்னத்தைச் சுத்தி மொய்ச்சுது. நேசமணி பாதிப் பூசையில எந்திரிச்சு ஓடினா, ஒரு சிரிப்பு தனியாக் கேட்டுது, அது அமலி சிரிப்பு. வெளிய போன நேசமணி திரும்பி ஒரு பார்வை பாத்தா. அமலிக்கு ஒரு கண்ணி இல்ல, சரசரன்னு ஒரு சுத்தே இறுகிட்டு.

அன்னையில இருந்து அமலிக்குச் சோறு இறங்கல. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா மூச்சு முட்டும், பேசினா பாதியில நிக்கும், உதடு நாவப்பழம் தின்ன மாதிரி கறுத்துட்டு. குழாயடியில மயங்கி விழுந்தவளைத் தூக்கிட்டு வந்து கட்டில்ல போட்டோம். டெய்லர் மாடசாமி பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாரு, நூலு அதுல வழுக்கிக்கிட்டே போச்சு, கத்தரிக்கோல்தான் மொக்கையாச்சு. பட்டறையில இருந்து ரம்பம் கொண்டுவந்தவன், தோலுக்கும் நூலுக்கும் நடுவுல ஒரு தாளு நுழையாதுன்னு திரும்பிப் போயிட்டான். நர்சம்மா வந்து பாத்துட்டு, இன்னும் ஒரு சுத்து இறுகினா பிழைக்க மாட்டான்னு சூசையைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாவ.

சூசை நேரா நேசமணி வீட்டுக்குப் போனான். தெருவும் பின்னால போச்சு.

"தங்கச்சி, உன் கால்ல விழுதேன், அவ மேல பொறாமைப்படுறதை நிறுத்திரும்மா."

"நான் வேணும்னா படுதேன்? அது என்ன தெருக்குழாயா அண்ணே, திருகி மூடுறதுக்கு? தூங்கி எந்திரிச்சா அதுதான் முன்னால வருது, சோத்துல கையை வச்சா அதுதான் வருது. நீங்க யாராவது நிறுத்திக் காட்டுங்க, நான் பாத்துப் படிச்சுக்கிடுதேன்"ன்னா நேசமணி.

கண்ணு மறைஞ்சா சரியாப் போகும்னு அவளை வள்ளியூர்ல அக்கா வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டோம். நாங்க அமலி கட்டிலைச் சுத்தி உக்காந்திருந்தோம். நறுக்னு கேட்டுது. "மூன்றடைப்பு தாண்டியிருப்பா"ன்னா தெரசக்கா. நறுக். "நாங்குநேரி." அதுக்கப்புறம் ஊருபேரு சொல்ல முடியாத அளவுக்கு இறுக ஆரம்பிச்சுது, பஸ்ஸுல சும்மா உக்காந்தவளுக்கு வேற என்ன நெனப்பு வரும், சூசை அலறிக்கிட்டு ஒரு ஆட்டோவைப் பிடிச்சுப் போயி அவளை அப்படியே திருப்பிக் கூட்டியாந்தான்.

ஒரே வழிதான் பாக்கி. பின்னினதை உருவணும். உருவணும்னா மறச்சு வச்ச நூல்நுனி கிடைக்கணும்.

"எங்கட்டி சொருகின? நெனச்சுப் பாருட்டி"ன்னு நான் விசிறிக்கிட்டே கேட்டேன்.

"தெரியலக்கா… நல்லா… மறச்சிட்டேன்"ன்னா அமலி. அந்த நேரத்துலயும் அவ மூஞ்சியில ஒரு பெருமை.

கண்ணு நல்லாத் தெரியுறவளுவ எல்லாம் ஒவ்வொருத்தியாக் குனிஞ்சு தேடினாளுவ. மயிலைப் பாத்தோம், கொடியைப் பாத்தோம், ஊசியால ஒவ்வொரு கண்ணியாக் குத்திப் பாத்தோம். நுனியைக் காணோம். எங்களுக்கு எல்லாம் அந்த ஒட்டியாணம் அழகாத் தெரிஞ்சுதே தவிர, அதுல எது எங்க இருக்குன்னு ஒருத்திக்கும் சொல்லத் தெரியல.

அப்ப வாசப்படியில நின்ன நேசமணி, உள்ள வராமலே, எட்டிக்கூடப் பாக்காமச் சொன்னா. "இடது பக்கத்து மயிலுக்குப் பின்னால மூணாவது பூ. அதுல அஞ்சாவது இதழ்ல ஒரு கண்ணி விட்டுப்போச்சு. ஓட்டை தெரியக் கூடாதுன்னு நுனியை அதுக்குள்ள சொருகி இருக்கா."

நான் குனிஞ்சு பாத்தேன். மூணாவது பூ. அஞ்சாவது இதழ். தடவினேன், நகத்துல ஒரு நெல்லுமுனை அளவுக்கு நூலு தட்டுப்பட்டுது.

"எப்பட்டி பாத்த?"ன்னு கேட்டேன்.

"சப்பரத்தன்னைக்கே பாத்துட்டேன். அந்த ஒரு ஓட்டையை வச்சுத்தான் இத்தனை நாளும் ராத்திரி தூங்கினேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, நான் அவ்வளவு நேரம் பாத்தேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமே."

கட்டில்ல இருந்து அமலி தலையைத் தூக்கினா. மூச்சே இல்ல, சாகப் போறவ, அவ சொன்னதைக் கேளுங்க. "அது… விட்டுப்போகல… டிசைனு."

"டிசைனாம்ல டிசைனு! அஞ்சு இதழ்ல ஒண்ணுல மட்டும் ஓட்டை விட்டு எவட்டி டிசைன் போடுவா?"ன்னு நேசமணி உள்ள வந்துட்டா. வந்தவ தரையில உக்காந்து, கொக்கி ஊசியை எடுத்து, ஒரே குத்துல நுனியை வெளிய எடுத்துட்டா. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இழுக்கல. நூலை விரல்ல சுத்திப் பிடிச்சுக்கிட்டு மயிலையே பாத்துக்கிட்டு இருந்தா. இது அழியணும்னு எத்தனை நாளு கேட்டவ அவ, மாதாவுக்கு மெழுகுவத்தி கூட நேந்திருந்தான்னு பேச்சு, இப்ப கையில வந்து நிக்குது, கை வரல.

"இழும்மா தங்கச்சி"ன்னு சூசை அழுதான்.

"இது எனக்குத் தோணியிருக்கணும் அமலி"ன்னா நேசமணி. "டிவிக்குப் பின்னினேன், பீடத்துக்குப் பின்னினேன், ஊருப் பிள்ளையளுக்கெல்லாம் பின்னினேன். என் இடுப்புக்கு ஒண்ணு பின்னலாம்னு எனக்குத் தோணலியே. கையும் தளர்ச்சி, கண்ணியும் விடுதவ, உனக்குத் தோணிட்டே. அதான்டி எரியுது. வேற ஒண்ணும் இல்ல."

அமலி அவளைப் பாத்தா. "நல்லா… இருந்துதா?"ன்னு கேட்டா.

"உயிரு போற மாதிரி இருந்துது."

"அது… போதும். இழுட்டி."

நேசமணி கண்ணை மூடிக்கிட்டு இழுத்தா. மூணாவது பூ போச்சு, கொடி போச்சு, மாங்கா போச்சு. ஒவ்வொரு கண்ணியா உருவிக்கிட்டு வரவர, தெருவுல ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு பெருமூச்சு கேட்டுது, யாரு கண்ணி அவுந்துதோ அவளுக்குத் தன்னால வந்துது, ஞானப்பூ வீட்டுல ஒண்ணு, மரியபாக்கியம் வீட்டுல நாலஞ்சு, கடைசியில சாமியாரு பங்களாவுல இருந்து கூட ஒண்ணு கேட்டதாச் சொல்லுதாவ. எனக்கும் ரெண்டு வந்துது, அது வெக்கைக்கு வந்தது. ரெண்டு மயிலும் ஒண்ணா அவுந்து விழுந்தப்ப அமலி வாயைத் தெறந்து ஒரு மூச்சு இழுத்தா பாருங்க, ஜன்னல் திரையே உள்ள வந்துட்டுப் போச்சு. சூசை பேக்கரிக்கு ஓடிப்போயி சூடா ஒரு ரொட்டி கொண்டாந்தான், அவ முழு ரொட்டியையும் தின்னா.

தெருவே பெருமூச்சு விட்டுச்சு, நேசமணி மட்டும் விடல. சுருண்டு சுருண்டு கிடந்த நூலையெல்லாம் மடியில அள்ளிக்கிட்டு எந்திரிச்சா.

"நூலைக் குடுத்துட்டுப் போட்டி"ன்னா அமலி.

"அழுக்கா இருக்கு. அலசித் தாரேன்"ன்னு சொல்லிட்டுப் போனவதான்.

அலசினா, காயவச்சா, உண்டை சுத்தினா, ஆனா திருப்பித் தரல. அடுத்த சப்பரத்துக்கு நேசமணி இடுப்புல ஒரு ஒட்டியாணம் இருந்துது. அதே நூலு. அன்னமும் இல்ல, மயிலும் இல்ல, சுத்திவர மெழுகுவத்தி, ஒவ்வொரு மெழுகுவத்திக்கும் தனித்தனியாச் சுடரு, எங்க தெருவையே தூக்கி இடுப்புல கட்டின மாதிரி இருந்துது. ஒருத்திக்கும் இதுவரைக்கும் தோணாதது. அரிசிக் கஞ்சிதான் போட்டிருந்தா, எறும்பு வரல. பின்பக்கத்துல ஒரு வெள்ளிக் கொக்கி வச்சிருந்தா, "எப்ப வேணும்னாலும் கழட்டலாம், யாரு கேட்டாலும் குடுக்கலாம், எனக்குன்னு வச்சுக்கிடுத புத்தி நமக்குக் கிடையாது"ன்னு எல்லாரு கிட்டயும் திரும்பித் திரும்பிக் காட்டினா.

கூட்டத்தை விலக்கிக்கிட்டு அமலி வந்தா. ஒரு வருசத்துல நல்லாச் சதை போட்டிருந்தா. அமலி அந்த மெழுகுவத்தியை ஒவ்வொண்ணாப் பாத்தா, இடது பக்கத்துல ஆரம்பிச்சு ஒரு சுத்து முழுக்கப் பாத்தா, ஒரு கண்ணி விட்டிருக்கான்னு பாத்திருப்பா, விடல போலிருக்கு.

"நல்லாருக்குட்டி. ஒரு நாளைக்கு இரவல் தாரியா?"ன்னு கேட்டா.

நறுக்.

நேசமணி முகம் வலியில சுருங்குச்சு. அப்புறம் மெல்ல விரிஞ்சுது. அப்படி ஒரு அழகை அவ முகத்துல நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. கையைப் பின்னால கொண்டுபோயி கொக்கியைத் தொட்டா, தெரு முழுக்கப் பாத்துக்கிட்டு இருந்துது, கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கிட்டே நின்னா.

"கொக்கி இறுகிட்டுட்டி. கழல மாட்டேங்கு"ன்னா.

சப்பரம் தெருமுனை திரும்புச்சு. இன்னொரு நறுக்கும் கேட்டுது. அது யாரோடதுன்னு என்னைக் கேக்காதீய, நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.